புதன்கிழமை வரும் அக்காவுக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்பான சபையாருக்கும், அப்பாவிடம் தமிழ் படித்த பிள்ளைகளுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் ஸ்தோத்திரம், வணக்கம்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று மதியம் மூன்று மணி இருக்கும். ஆம்புலன்சிலிருந்து ஸ்ட்ரெச்சரை இறக்கும்போது தெருவில் பாதிப் பேர் வெளியில்தான் நின்றீர்கள். அம்மா அழுதுவிடுவாள் என்று பயந்துகொண்டே வந்தேன். அவளோ, தூக்கி வந்த பையன்களைப் பார்த்து, "செருப்பக் கழத்திட்டு வாங்கப்பா, இப்பத்தான் கழுவி விட்டேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வலது கையும் காலும் இன்னும் வரவில்லை. பேச்சும் வரவில்லை. 34 வருஷம் திருநெல்வேலித் திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. பள்ளிக்கூடங்களில் புணர்ச்சி விதி சொல்லிக்கொடுத்தவரிடம் இப்போது மிச்சம் இருப்பது "சரி" என்கிற ஒரே சொல். தாகமெடுத்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, அம்மாவைக் கூப்பிட வேண்டுமானாலும் சரி. வரும், கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்கிறார் டாக்டர். காத்திருக்கிறோம்.

நன்றி சொல்ல உட்கார்ந்தால் யாரில் தொடங்குவது என்று தெரியவில்லை. முதல் நாள் ராத்திரி இரண்டு மணிக்குச் சாரத்தோடு ஓடிவந்த எங்கள் சபைப் போதகர், சேகரகுரு ஐயா. பெயர் எழுதாமல் கவரில் பணம் வைத்துவிட்டுப் போனவர்கள் (ஒரு கவரில் எல்லாமே பத்து ரூபாய்த் தாள்கள், அது யாராக இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறாள்). காப்பீட்டுக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக அலைந்த, அப்பாவின் 1994-ஆம் வருஷத்துப் பத்தாம் வகுப்பு மாணவர்கள் இரண்டு பேர். வாடகையே வாங்க மாட்டேன் என்று சாதித்த ஆட்டோ அண்ணாச்சி. ராத்திரி டியூட்டி சிஸ்டர்கள். கையையும் காலையும் மடக்கி நீட்டச் சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிப் பிள்ளை. மாறி மாறி உளுந்தங்கஞ்சியும் சொதியும் கொடுத்துவிட்ட பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாக்கள். இந்த வருஷம் சாம்பற்புதனும் ரம்ஜான் நோன்பும் ஒரே வாரத்தில் வந்ததால், ஒருபக்கம் நமக்கு லெந்து என்கிற தவக்கால நாட்கள், மறுபக்கம் மேலப்பாளையத்திலிருந்து அப்பாவின் கூட்டாளி தினம் சாயங்காலம் தூக்குவாளியில் அனுப்பிய நோன்புக் கஞ்சி. அப்பாவுக்கோ மூக்கில் குழாய். வந்ததையெல்லாம் சாப்பிட்டது நான்தான். ஆஸ்பத்திரி வாசத்தில் எடை கூடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எல்லோருக்கும் தனித்தனியாக வந்து சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மடலை எழுதத் தூண்டியது இன்னொருவர். அவரை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்கே மூன்றாவது வாரம்தான் தெரியும்.

அன்று புதன்கிழமை. பார்வையாளர் நேரம் முடிந்து வார்டு கொஞ்சம் அடங்கியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அப்போது யார் முகத்தையும் பார்க்கிற நிலையில் இல்லை. அன்று காலையில்தான் ஒருவர் வந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு, நான்கு கட்டிலுக்குக் கேட்கிற மாதிரி ஜெபம் செய்துவிட்டு, போகும்போது என் காதருகே வந்து, "குடும்பத்துல அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்ட அதே கேள்வி. இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று ஆண்டவர் சொன்ன பதில் அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் அன்று முழுக்க அது உள்ளே குத்திக்கொண்டே இருந்தது.

அதனால்தான், மஞ்சள் பையும் கையுமாக அறுபது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மா அப்பாவின் கால்மாட்டில் வந்து நின்றபோது, சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டேன். அவர் நகரவில்லை, பேசவும் இல்லை. அப்பாவின் போர்வையைக் காட்டினார். என்னைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். எனக்குப் புரியவில்லை. பையிலிருந்து ஒரு நகவெட்டியை எடுத்துத் தன் விரல் நகத்தின்மேல் வைத்துக் காட்டினார்.

போர்வையை விலக்கினேன்.

பத்தொன்பது நாளாக அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்கேனுக்கு அலைந்தேன், மாத்திரைக்கு அலைந்தேன், கையெழுத்துப் போட்டேன், தங்கையோடு சண்டை போட்டேன், எல்லாச் சபைகளுக்கும் ஜெபக் குறிப்பு அனுப்பினேன். அப்பாவின் காலை நான் பார்க்கவே இல்லை. பெருவிரல் நகம் மஞ்சள் பூத்துத் தடித்து, வளைந்து பக்கத்து விரலில் போய் முட்டிக்கொண்டிருந்தது. முட்டின இடத்தில் தோல் சிவந்திருந்தது. சர்க்கரை உள்ள மனுஷன். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அது புண்ணாகியிருக்கும், அதை அவரால் சொல்லவும் முடிந்திருக்காது. சொன்னாலும் "சரி" என்றுதான் சொல்லியிருப்பார்.

அந்த அக்கா உடனே வெட்ட ஆரம்பிக்கவில்லை. போய் சிஸ்டரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, சிவந்த இடத்தைக் காட்டினார். சிஸ்டர் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் தரையில் உட்கார்ந்தார். காலைத் தண்ணீரில் ஊறவைக்கவில்லை. ஈரத்துணியால் விரலிடுக்குகளைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுத்தார். நகத்தை நேராக வெட்டினார். ஓரத்தைக் குடையவில்லை, சின்ன அரத்தால் ராவி விட்டார். சர்க்கரை உள்ளவர்களுக்கு அப்படித்தான் செய்ய வேண்டுமாம். ஒரு விரலுக்கு ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். வெட்டி விழுந்த நகத்தையெல்லாம் ஒரு காகிதத்தில் பொறுக்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சிஸ்டர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நம் பாளையங்கோட்டை பிளாரன்ஸ் சுவைன்சன் பள்ளியில் படித்தவர். மிஷனரி அம்மையார் ஒருவர் காது கேளாத பிள்ளைகளுக்காகத் தொடங்கி, நூறு வருஷம் தாண்டியும் நடக்கிற பள்ளிக்கூடம். சின்ன வயசில் அந்த வழியாகப் போகும்போது நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. தையல் வேலை செய்கிறார். புதன்கிழமை மத்தியானம் மட்டும் மிஷினை மூடிவிட்டு இங்கே வந்துவிடுவாராம். பல வருஷமாகவே இப்படித்தானாம். துணைக்கு ஆள் இல்லாத கட்டில்களாகப் பார்த்துப் போவாராம். அப்பாவுக்குத் துணை இருந்தும் ஏன் வந்தார் என்று சிஸ்டரிடம் நான் கேட்கவில்லை. போர்வைக்கு வெளியே ஒரு விரல் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும், குறிப்பாக அப்பாவிடம் படித்தவர்களுக்கு.

திங்கட்கிழமை முதல் பீரியட் ஞாபகம் இருக்கிறதல்லவா? வருகைப் பதிவு எடுப்பதற்கு முன்னால் நகம் பார்ப்பாரே! வரிசையாகக் கையை நீட்ட வேண்டும். அவர் நம் விரல்களைப் பிடித்து, ஜன்னல் பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பார்ப்பார். அழுக்கு இருந்தால் ஸ்கேலின் பட்டை அடி. சுத்தமாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் கையை விட்டுவிடுவார், அதுதான் பாராட்டு. வீட்டிலும் எங்களுக்கு அதே சட்டம்தான்.

கால் முடிந்து, அந்த அக்கா அப்பாவின் இடது கையை எடுத்து வெட்டி முடித்தார். எழுந்திருக்கப் போனார். அப்பா அவர் கையை விடவில்லை. மெதுவாகத் திருப்பினார். விரல்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, அந்த அக்காவின் நகங்களைப் பார்த்தார். ஊசி குத்திக் குத்திக் கரடுதட்டிய விரல்கள். நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன. அப்பா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து, "சரி" என்றார்.

பத்தொன்பது நாளில், சரி என்று சொல்ல வேண்டிய இடத்தில் அப்பா சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அக்காவுக்குக் கேட்டிருக்காது. உதட்டைப் பார்த்திருப்பார் போல. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார், பாதி முகத்தால்.

போகுமுன் அவர் ஒரு நிமிஷம் நின்றார். ஒரு கையின் நடுவிரலால் மறு உள்ளங்கையைத் தொட்டார், பிறகு மாற்றித் தொட்டார். ஆணி பாய்ந்த இடங்கள். அவர்கள் இயேசு என்று சொல்வது அப்படித்தானாம். பிறகு அப்பாவைக் காட்டினார். கண்ணை மூடித் திறந்தார். ஜெபம் முடிந்துவிட்டது. அடுத்த கட்டிலில் யாரும் விழிக்கவில்லை.

நான் வழக்கம்போல அசட்டுத்தனமாகச் சட்டைப்பையில் கைவிட்டு இருநூறு ரூபாயை எடுத்தேன். அவர் அதை என் பைக்குள்ளேயே திணித்தார். பெயரையாவது எழுதிக் கொடுங்கள் என்று மருந்துச் சீட்டின் பின்பக்கத்தையும் பேனாவையும் நீட்டினேன். அவர் எழுதியது இது: "பேர் வேண்டாம். பக்கத்து பெட்டுக்கு ஆள் இல்லை. ராத்திரி தண்ணி குடுங்க." அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் அவர் பெயர் தெரிந்த பிறகும் இங்கே எழுதவில்லை.

பக்கத்துக் கட்டிலில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் ராத்திரி முனகுவதை நான் அதுவரை தூக்கத்தைக் கெடுக்கிற சத்தமாகத்தான் நினைத்திருந்தேன். அன்று ராத்திரி எழுந்து தண்ணீர் கொடுத்தேன். நாலு மடக்கு குடித்துவிட்டு, "எந்த ஊரு தம்பி?" என்றார். அதன்பிறகு தினமும் ராத்திரி பேச்சுத்தான். வாழைக்கு விலை இல்லை, மகன் திருப்பூரில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. எங்களுக்கு நான்கு நாள் முன்னதாக வீட்டுக்குப் போய்விட்டார். மகன்தான் வந்து கூட்டிப் போனான்.

பெரிய வியாழன் வருகிறது. நம் கோயிலில் பாதம் கழுவுகிற வழக்கம் இல்லை, இயேசு சீஷர்களின் பாதங்களைக் கழுவுகிற யோவான் பதின்மூன்றை வாசிப்பதோடு சரி. "சீலையை எடுத்து, அரையிலே கட்டிக்கொண்டு" என்கிற இடத்தை அப்பா வாசித்தால் தனியாகக் கேட்கும். எத்தனையோ வருஷம் அவர் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். அந்தப் பாதங்களுக்கு நகம் இருந்திருக்கும், வெடிப்பு இருந்திருக்கும், நாள் முழுக்க நடந்த அழுக்கு இருந்திருக்கும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

இன்னொன்றும் யோசித்தேன். அப்பா களக்காட்டுப் பக்கம் வேலை பார்த்தபோது எங்களை டோனாவூருக்குக் கூட்டிப் போவார். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து, 1951-இல் மரிக்கும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் அதிகமாகப் படுக்கையில்தான் இருந்தார், அங்கிருந்தே புத்தகங்கள் எழுதினார் என்று சொல்வார். கல்லறையில் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்திருக்கிறார்கள். சின்னப் பையனாக அந்தத் தொட்டியைத்தான் நான் வேடிக்கை பார்ப்பேன். இருபது வருஷம் அவருக்கு நகம் வெட்டிவிட்டது யாராக இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதல்முறையாக யோசித்தேன். அவர் எடுத்து வளர்த்த பிள்ளைகளில் யாராவது ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஒரு பொருத்தனை செய்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை, வெளியில் சொல்லிவிட்டால் தட்டிக்கழிக்க முடியாது என்பதற்காக எழுதுகிறேன். அப்பா கொஞ்சம் எழுந்து உட்கார ஆரம்பித்ததும், மாதத்தில் ஒரு புதன்கிழமை அந்த அக்காவோடு வார்டுக்குப் போகப்போகிறேன். கேட்டேன். என் கையை வாங்கி, நகத்தைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். முதலில் துடைக்கிற வேலை மட்டும்தானாம், வெட்டுவது பிறகு பார்க்கலாமாம்.

அப்பாவைப் பார்க்க வருகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல் வாருங்கள். சாப்பாடு கொண்டு வர வேண்டாம், தயவுசெய்து. அவரிடம் கேள்வி கேட்காதீர்கள், பதில் வராதபோது கண் கலங்கிவிடுகிறார். நீங்கள் பாட்டுக்கு ஊர்க்கதை பேசுங்கள், அவர் கேட்பார். திங்கட்கிழமை வந்தால் கையைக் கழுவிவிட்டு வருவது நல்லது.

நாளைக்குப் புதன்கிழமை. எங்கள் வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். முதலில் இங்கே வந்துவிட்டுத்தான் வார்டுக்குப் போவாராம். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா ஒரு காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். குளிரும் என்று அம்மா மூடிவிட்டாள். மறுபடியும் வெளியே எடுத்துவிட்டார்.