கையெழுத்துப் போடாத படிவம்

அன்புள்ள மகளுக்கு,

சனிக்கிழமை காலை நீ போன் செய்தபோது சபை மைதானத்தில் இருந்தேன். தங்கச்சிக்கு மேட்ச். அப்புறம் நான் கூப்பிட்டபோது உனக்கு வேலை. அதுவும் நல்லதுதான், இதை எழுதினால்தான் முழுசாகச் சொல்ல முடியும் என்று தோன்றியது.

இந்த வருஷம் சபையின் ஃபிளாக் ஃபுட்பால் லீக்கில் பெண் பிள்ளைகளுக்கென்று தனி அணிகள் வந்துவிட்டன. போன வருஷம் வரை பையன்கள் அணியில் ஒன்றிரண்டு பெண்கள் இருப்பார்கள், பந்து அவர்கள் கைக்கு வருவதே அபூர்வம். இப்போது தங்கச்சி அணியில் ஒன்பது பேர். ஒரு நேரத்தில் ஐந்து பேர் ஆடுவார்கள். கோச் சபையில் வரும் ஒரு தாய், நர்ஸ். வெள்ளிக்கிழமை நைட் டியூட்டி முடித்துவிட்டு நேராக மைதானத்துக்கு வந்து ஆரஞ்சு கூம்புகளை வரிசையாக வைப்பார். சம்பளம் கிடையாது. ஆட்டத்துக்கு முன்னால் இரண்டு அணியும் நடு மைதானத்தில் முழங்கால் போட்டு, கைகோத்து ஜெபம் பண்ணும். இடைவேளையில் ஒரு பிள்ளை அந்த வார வசனத்தைச் சொல்லும். மற்றவர்கள் வாயெல்லாம் ஆரஞ்சுச் சுளை.

உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். இதுவும் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் அமெரிக்க ஃபுட்பால்தான், ஆனால் இதில் யாரும் யாரையும் இடித்துச் சாய்ப்பதில்லை. இடுப்பு பெல்ட்டில் நாடா போலத் தொங்கும் ஃபிளாக்கை உருவிவிட்டால் ஓடுகிறவளின் ஓட்டம் அந்த இடத்தோடு முடிந்தது. உருவும்போது 'டப்'பென்று ஒரு சத்தம் கேட்கும், எனக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சட்டையை உள்ளே விட்டிருக்க வேண்டும். ஷார்ட்ஸில் பை இருக்கக் கூடாது, விரல் மாட்டிக்கொள்ளும். ஓடுகிறவள் தன் ஃபிளாக்கைக் கையால் மறைக்கவும் கூடாது. மறைத்தால் பெனால்ட்டி.

முதல் இரண்டு வாரம் நம் பிள்ளைகளுக்கு அதிலேயே பெனால்ட்டி விழுந்துகொண்டிருந்தது. யாராவது நெருங்கி வந்தால் கை தானாக இடுப்புக்குப் போய்விடும். கோச் கோட்டுக்கு வெளியே நின்று "கை! கை!" என்று கத்துவார். தங்கச்சியின் கை அப்படிப் போனதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தக் கையை நான்தான் பழக்கினேன். பாவாடையைப் பிடித்துக்கொள், சட்டையை இழுத்து விடு, காலை ஒடுக்கி உட்கார் என்று உனக்கும் அவளுக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தது நான். பாளையங்கோட்டையில் நாங்கள் பாவாடை தாவணியோடு த்ரோபால் ஆடினோம். பந்து வரும் நேரத்தில் கை தாவணிக்குப் போகும், பந்து தரைக்குப் போகும். ஆச்சி எனக்குச் சொன்னதைத்தான் நான் உங்களுக்குச் சொன்னேன்.

அதனால்தான் அந்தப் படிவம் ஞாபகம் வந்தது, கண்ணு.

2018இல் ஜார்ஜியாவில் நம் குவின்னட் கவுண்டி பள்ளிகளில் பெண்கள் ஃபிளாக் ஃபுட்பாலைச் சோதனையாகத் தொடங்கினார்கள். அட்லாண்டா ஃபால்கன்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் அணி உதவி செய்தது. நீ ஒன்பதாம் வகுப்பு. அதில் சேர அம்மா அப்பா கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தைச் சாப்பாட்டு மேஜையில், நான் உட்காரும் இடத்துக்கு நேராக வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கரண்ட் பில்லுக்கு அடியில் தள்ளி வைத்தேன். கடைசித் தேதி போனதும் நீயும் ஒன்றும் கேட்கவில்லை. பல் உடையும், கணக்கில் மார்க் குறையும் என்று அப்பாவிடம் காரணம் சொன்னேன். உண்மையில், நம் ஆட்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம். வாயால் மறுத்திருந்தால் நீ சண்டையாவது போட்டிருப்பாய். அதற்குக்கூட நான் இடம் தரவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 2020இல், ஜார்ஜியா முழுவதற்கும் அது அங்கீகாரம் பெற்ற பள்ளி விளையாட்டானது. நீ பதினொன்றாம் வகுப்பு. அப்போது நீ படிவமே கொண்டுவரவில்லை.

நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு.

தங்கச்சி அறைச் சுவரில் டயானா ஃப்ளோரெஸ் படம் ஒட்டியிருக்கிறாள், மெக்சிகோ அணியின் குவார்ட்டர்பேக், பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவர். 2022இல் நமக்குப் பக்கத்தில் அலபாமாவின் பர்மிங்காமில் நடந்த உலக விளையாட்டுகளில் மெக்சிகோ பெண்கள் அமெரிக்காவை 39-6 என்று வென்றார்கள். அமெரிக்காவில் இருந்துகொண்டு மெக்சிகோ வென்றதை இவள் இத்தனை ஆசையாகச் சொல்வது அப்பாவுக்கு ஆச்சரியம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் பெண்களுக்கும் ஃபிளாக் ஃபுட்பால் உண்டு. 2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்தில் கிரிக்கெட்டோடு சேர்த்து முடிவு செய்தார்கள். அப்பா கிரிக்கெட் பார்க்கப் போகலாம் என்கிறார், இவள் இதற்கு. இரண்டுக்குமாகச் சேர்த்து இப்போதே காசு சேர்க்கிறோம்.

சனிக்கிழமை மேட்ச் தோற்றுவிட்டோம், 12-13. கடைசி முயற்சியில் பந்து தங்கச்சிக்கு வந்தது. இடது கையில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோட்டோரமாக ஓடினாள். எதிர் அணியில் உயரமான ஒரு பிள்ளை குறுக்கே வந்தாள். தங்கச்சி இடுப்பை ஒடித்துத் திரும்பினாள், வலது கை காற்றில் வீசிக்கொண்டே இருந்தது, கீழே போகவே இல்லை. எல்லைக்கு மூன்று யார்டு இருக்கும்போது 'டப்'. உருவினவளே ஃபிளாக்கை அவளிடம் கொடுத்து முதுகில் தட்டிவிட்டுப் போனாள். அழுவாள் என்று நினைத்தேன். மூச்சு வாங்க ஓடி வந்து, "அம்மா, நான் கை வைக்கவே இல்லை, பார்த்தீங்களா?" என்றாள். பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு நீ வரும் வாரம் சீசனின் கடைசி சனிக்கிழமை. அன்றைக்கு மேட்ச் முடிந்ததும் அம்மாக்களும் அக்காக்களும் பிள்ளைகளோடு ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்று கோச் சொல்லியிருக்கிறார். படிவம் வந்திருக்கிறது. என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த வரியை உனக்காக விட்டிருக்கிறேன். உனக்கு இஷ்டமில்லை என்றால் விட்டுவிடு, நான் வருத்தப்பட மாட்டேன். வருகிறாய் என்றால் ஷூவை மறக்காமல் பெட்டியில் வை. பெல்ட்டை அளவு பார்த்துத்தான் எடுத்து வைப்பார்களாம், உன் இடுப்பு அளவை எழுதி அனுப்பு.

அன்புடன்,
அம்மா