மூன்று மணிக்கும் விழித்திருக்கும் பிள்ளைக்கு

அன்புள்ள கண்ணா,

நீ என்னிடம் பேசி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. வேலை இருக்கும், தெரியும். ஆனால் வாட்ஸ்அப்பில் உன் பெயருக்குக் கீழே ராத்திரி இரண்டே முக்கால், மூன்று பத்து என்று காட்டுகிறதே, காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன், பால் காய்ச்சுவதுகூட அப்புறம்தான். நேரத்துக்குத் தூங்குப்பா.

இங்கே எல்லோரும் நலம். மோட்டாரைச் சரிசெய்தாயிற்று. மாடி விஷயமாக உன் சித்தப்பா இன்னும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகம் பாடமாம், சாயங்காலம் வந்து உட்காருகிறாள், அதனால் ஓய்வு பெற்ற பிறகு முதல் முறையாக அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். எட்டாவது படிக்கும்போது, சீசரின் சவத்தின் பக்கத்தில் அவன் நண்பன் ஆண்டனி பேசும் பேச்சை ஒப்பித்துக் கோப்பை வாங்கினாயே, அது இன்னும் ஷோகேஸில்தான் இருக்கிறது, போன வாரம்கூடத் துடைத்து வைத்தேன். மேடையில் நீ நின்ற நிற்பு எனக்குக் கண்ணிலேயே இருக்கிறது. அவ்வளவு பேசின பிள்ளைக்கு அம்மாவிடம் பேச இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை.

சரி, நான் சொல்ல வந்தது இரண்டாம் அங்கத்தின் முதல் காட்சி. நடு ராத்திரி, ரோமை ஆளும் சீசரின் நண்பன் புரூட்டஸ் தன் வீட்டுத் தோட்டத்தில் தனியாக நிற்கிறான், பையன் விளக்கேற்றப் போயிருக்கிறான். தனியானதும் அவன் சொல்லும் முதல் வார்த்தையே சீசர் செத்தாக வேண்டும் என்பதுதான். முடிவு முன்னால் வந்துவிட்டது பார், காரணத்தை அதற்குப் பிறகு தேடுகிறான். தேடினால் ஒன்றும் அகப்படவில்லை. சீசரோடு சொந்தப் பகை இல்லை என்கிறான், அவர் அறிவை மீறி நடந்ததாகவும் தான் பார்த்ததில்லை என்கிறான். அப்புறம், முடி சூட்டினால் மாறிவிடலாம் என்ற அந்த ஒரு ‘லாம்’ஐப் பிடித்துக்கொண்டு, இது பாம்பு முட்டை, ஓட்டுக்குள்ளேயே கொன்றுவிட வேண்டும் என்று முடிக்கிறான். இன்னும் செய்யாத குற்றத்துக்கு.

அந்த நேரம் பார்த்துப் பையன் சன்னலோரம் கிடந்த கடிதத்தைக் கொண்டுவருகிறான். புரூட்டஸ், தூங்குகிறாய், எழுந்திரு என்று எழுதியிருக்கிறது. ரோமே தன்னைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொள்கிறான். வேறு வேறு கையெழுத்தில் அந்தக் கடிதங்களைப் போட ஏற்பாடு செய்ததெல்லாம் சீசரைக் கொல்லச் சதி செய்த காசியஸ் ஒருவன்தான். காசியஸுக்கு எரிந்தது வேறு. டைபர் ஆற்றில் மூழ்கப் பார்த்த சீசரைத் தோளில் சுமந்து கரை சேர்த்தவன் அவன், இப்போது அதே ஆளுக்கு முன்னால் குனிந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்ற ஆற்றாமை. சதிகாரர்களுக்கு புரூட்டஸ் எதற்கு என்றால், அவர்களில் ஒருவனான காஸ்கா வாயாலேயே வந்துவிடுகிறது: நாங்கள் செய்தால் குற்றமாகத் தெரிவது, அவன் சேர்ந்தால் புண்ணியமாகத் தெரியும். உனக்கும் நல்ல பேர் கண்ணா, அப்பா சேர்த்த பேரும் கூடவே வருகிறது. யாராவது ஒரு காகிதத்தை நீட்டி முதலில் நீ கையெழுத்துப் போடு என்றால், அது யார் எழுதியது என்று கேள்.

அதே காட்சியில்தான் புரூட்டஸின் மனைவி போர்ஷியா வருகிறாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து நடக்கிறாய், படுக்கையை விட்டு எழுந்து போகிறாய், கேட்டால் முறைக்கிறாய், காலைத் தரையில் உதைக்கிறாய் என்று சொல்லி மண்டியிடுகிறாள். அவன் உடம்பு சரியில்லை என்கிறான். உன் வீட்டில் அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, போய் அவளைக் கேட்காதே. அவன் சரியாகச் சாப்பிடுகிறானா என்று நான்தான் கேட்டேன், அதற்கே அழுதுவிட்டாள். காசியஸ் கிளப்பிவிட்டதிலிருந்து தூங்கவே இல்லை என்று புரூட்டஸும் சொல்கிறான். தூங்கு ராஜா. போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படு.

பரீட்சையில் எல்லோரும் எழுதுவது புரூட்டஸ் பின்னால் செய்த தவறுகளைத்தான். ஆண்டனியை விட்டுவைத்தது, சவத்தின் பக்கத்தில் அவனைப் பேசவிட்டது, கூட்டத்தை அவனிடம் ஒப்படைத்துவிட்டுத் தான் தனியாகக் கிளம்பிப் போனது, கடைசிப் போருக்குப் பிலிப்பி என்ற ஊருக்குப் படையை நடத்தியது. ஆளுக்கு 75 டிராக்மா வெள்ளிக் காசு என்று ஆண்டனி சீசரின் உயிலைப் படித்ததும் ஊர் எரிகிறது. அந்தப் பெண்ணுக்கும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன், மார்க் வரும். கொன்ற பிறகும் நல்லவனாகவே இருக்கப் பார்ப்பவன் வேறெப்படி நடப்பான் என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது. நாடகம் சொல்லாத ஒன்றும் உண்டு. கி.மு. 48-இல் பார்சாலஸ் போரில் எதிர்ப் பக்கம் நின்ற புரூட்டஸை சீசர் மன்னித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். கி.மு. 44 மார்ச் 15 அன்று சீசர் உடம்பில் 23 குத்து.

உங்கள் ஆபீஸ் பெரியவர் எப்படி இருக்கிறார்? நம் வீட்டில் தரையில் உட்கார்ந்து வத்தக்குழம்பைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். போன தீபாவளிக்கு வாய் ஓயாமல் அவர் பேச்சாக இருந்தாய், பொங்கலுக்கு அவர் பேரையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அப்பாவிடம் கடைசி வரை சொல்லவில்லை. நீ கைக்குழந்தையாக இருந்தபோது எங்கள் தலைமையாசிரியைக்கு எதிராக ஒரு மனு போனது. எட்டுக் கையெழுத்து, முதல் கையெழுத்து என்னுடையது. நீங்கள் போட்டால்தான் மேலே நம்புவார்கள் டீச்சர் என்றார்கள், அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. அதில் இருந்த புகாரில் நான் கண்ணால் பார்த்தது ஒன்றுகூட இல்லை. எழுதியவருக்குக் கிடைக்காமல் போன பதவி உயர்வுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்று ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தது. என்னை வேலையில் நிலைக்க வைத்தது அந்த அம்மாதான், நீ பிறந்த ராத்திரி பிரசவ அறை வாசலில் விடிய விடிய உட்கார்ந்திருந்ததும் அவர்தான். அவரை எங்கோ தூரமாக மாற்றினார்கள். கிளம்பிய அன்று என் வகுப்பு வாசலில் வந்து நின்றார், நான் திரும்பாமல் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்தேன். மன்னிப்புக் கேட்டு மூன்று கடிதம் எழுதினேன், ஒன்றையும் தபாலில் சேர்க்கவில்லை. இப்போது அவர் இல்லை.

அதற்குப் பிறகு வருடா வருடம் அந்தத் தோட்டத்துக் காட்சியை ஒரே பீரியடில் ஓட்டிவிடுவேன், ஆண்டனியின் பேச்சுக்கு நான்கு பீரியட் எடுப்பேன். வீட்டிலும் அதைத்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

கூரியரில் பருப்புப் பொடி இரண்டு டப்பா அனுப்பியிருக்கிறேன். சின்ன டப்பா உங்களுக்கு. பெரியது அவருக்கு, ஆபீஸில் யாரிடமும் கொடுத்தனுப்பாதே, நீயே அவர் வீட்டுக்குப் போய்க் கொடு.

அம்மா