மறக்கப்பட்ட தலைமைத் தளபதி

ஐயா,

இந்திய ராணுவத் தளபதிகள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில், சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ப. சுப்பராயனின் மகனும், இரண்டாம் உலகப் போரில் வீரப்பதக்கம் பெற்றுப் போர்க்கைதியாகவும் வாடியவருமான ஜெனரல் குமாரமங்கலத்துக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. 1966 முதல் 1969 வரை தலைமைத் தளபதியாக இருந்த அவருடைய காலத்தில்தான், 1967 செப்டம்பரில் சிக்கிம் எல்லையிலுள்ள நாதுலா கணவாயில் சீனப் படையை நம் வீரர்கள் உறுதியுடன் எதிர்கொண்டனர். அவருக்கு அடுத்து வந்த மானெக்‌ஷாவின் புகழ் நியாயமானதே. ஆனால் அதன் நிழலில் இவர் மறைந்துபோனார்.

திருமங்கலத்தில் தேசிய மாணவர் படை மாணவர்களிடம் நான் கேட்டபோது, ஒருவருக்கும், அவர்களை அழைத்துவந்த ஆசிரியருக்கும்கூட, இவர் பெயர் தெரியவில்லை. மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தமிழகத் தளபதிகளின் வாழ்க்கை வரலாறுகளுக்கெனத் தனி அடுக்கு ஒதுக்கி, இவரிடமிருந்து தொடங்கலாம்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திருமங்கலம்.