இந்த முறை ஒற்றையர், மச்சான்

மச்சான்,

தட்டை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கிற நம் டிஸ்க் கோல்ஃப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இரட்டையரில் இல்லை, ஒற்றையரில். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "அடுத்த மாசம் வந்துடுறேன்டா" என்பாய், நானும் சரி என்றுவிடுவேன். அதனால்தான் நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். உன் வீட்டிலும் படிப்பார்கள், தெரியும். ஆகவே ஆவணியில் நடந்த பேச்சைப் பற்றி இங்கே ஒன்றும் கிடையாது. தங்கச்சிமேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதோடு அது முடிந்தது.

தூரம் உன்னுடையது, கூடை நெருங்கிவிட்டால் என்னுடையது என்று பிரித்துக்கொண்டு உன் தோளை நம்பியே, தூரத்துக்கு எறிகிற தட்டான டிரைவரைத் தொடாமல் காலம் தள்ளினேன். இப்போது இரண்டும் என் தலையில். கிரிக்கெட் பையன்கள் வருவதற்கு முன்பே கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போய், ஓடி வராமல் நின்ற இடத்திலிருந்தே நடுத்தூரத் தட்டான மிட்ரேஞ்சை எறிகிறேன். முன்விளிம்பு கொஞ்சம் தூக்கிக்கொண்டாலும் தட்டு பாதியிலேயே நின்று இடப்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. வேகம் 12 என்று போட்ட டிரைவர் எனக்கு வேண்டாம். அதைப் பறக்கவைக்கிற கை என்னிடம் இல்லை, 7 போதும். இதை நீ எப்போதோ சொன்னாய். சொன்னது சரி, எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் சரியில்லை.

12 என்றாலே அந்தக் காலைதான். சில்வர் பீச்சில் காலையில் தாழங்குடா பக்கம் பார்த்துத்தான் எறிய வேண்டும். கடல் வலப்பக்கம் இருக்கும், நம் கைக்குத் தட்டு கடைசியில் இடப்பக்கம் மணலுக்குத் திரும்பிவிடும். நீ அதற்கு எதிராக, துறைமுகம் பக்கம் திரும்பி நின்றாய். கையில் நான் முதல் சம்பளத்தில் வாங்கிய டிஸ்ட்ராயர், வேகம் 12 போட்ட டிரைவர். "மச்சான், இத பாரு" என்றாய். பார்த்தேன். கரையிலிருந்து வந்த காற்று சாய்ந்த தட்டின் அடியில் புகுந்து தூக்கிக்கொண்டு போனது. அவ்வளவு தூரம் நம்மில் யாரும் எறிந்ததில்லை. அது தண்ணீரைத் தொடும்வரை எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக.

அது மிதக்கிற பிளாஸ்டிக் இல்லை. தொலைந்த தட்டைத் தேட விதிப்படி 3 நிமிடம்தான். நீ பேன்ட்டோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வெயில் ஏறும்வரை காலால் துழாவிக்கொண்டே இருந்தாய். வலை இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் "என்னப்பா, மோதிரமா?" என்று கேட்டார். "மோதிரமா இருந்தா பரவாயில்ல தாத்தா" என்றாய். திரும்பும்போது எட் ஹெட்ரிக் பேச்சு வந்தது. சங்கிலிக் கூடை செய்த மனுஷன், 2002இல் செத்த பிறகு சாம்பலைக் கலந்து தட்டு வார்த்தார்களே, அவர். "என் சாம்பலை இங்கயே கரைச்சிடுடா, உன் டிரைவரைத் தேடி எடுத்துடறேன்" என்றாய். ஈரத்தோடே வேலைக்குப் போனாய். உன்னை எனக்கு அன்றைக்குப் பிடித்த மாதிரி வேறு என்றைக்கும் பிடித்ததில்லை.

"புதுசு வாங்கித் தர்றேன்" என்றும் சொன்னாய். காசு பெரிதில்லை. ஆனால் அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியும். அதன் பிறகு நீ இரண்டு போன் மாற்றிவிட்டாய். சரி, விடு.

தோப்பில் நிற்கிற நம் கூடையின் சங்கிலியை மாற்றிவிட்டேன். உப்புக்காற்றில் துரு ஏறி, பட்ட தட்டிலெல்லாம் கறை. உன்னைக் கேட்காமல் செய்ததற்கு மன்னித்துக்கொள். கேட்டிருப்பேன், நீ போனை எடுத்திருந்தால். மதியம் 3 மணிக்கு மேல், கடல்காற்று ஏறிய பிறகுதான் புட்டிங், அதாவது கிட்டே நின்று கூடையில் போடுவது. அமைதியான காலையில் போட்டுப் பழகியதெல்லாம் காற்றில் உதவவில்லை. எதிர்க்காற்றில் அதற்கான தட்டு, புட்டர், எழும்பிக் கூடையைத் தாண்டுகிறது, பின்காற்றில் தாழ்ந்து கம்பத்தில் இடிக்கிறது. கூடையைச் சுற்றி 10 மீட்டர் வட்டத்துக்குள் எறிந்துவிட்டு நிலையாக நிற்பதற்குள் முன்னால் கால் வைக்கக் கூடாது. நீ எப்போதும் வைப்பாய், நான் கூடையைப் பார்ப்பதுபோல் இருந்துவிடுவேன். ஒற்றையரில் அப்படி யாரும் எனக்காகப் பார்க்காமல் இருக்கப் போவதில்லை.

பரிசெல்லாம் நினைக்கவில்லை. 7 மீட்டருக்குள் காற்றடித்தாலும் தவறக் கூடாது. 18 கூடையில் எதிலும் பாருக்கு, அதாவது அந்தக் கூடைக்குக் குறித்த எறிகளுக்கு, மேல் இரண்டு போகக் கூடாது. இந்த வருஷத்துக்கு இவ்வளவுதான்.

உன் மிட்ரேஞ்சை எடுத்துக்கொண்டு போகிறேன். அடியில் மார்க்கரில் உன் பெயர் இருக்கிறது, அழிக்கவில்லை. ஒவ்வொரு தட்டிலும் ஏதாவது ஓர் அடையாளம் இருக்க வேண்டும் என்றுதான் விதி, அது யார் பெயராக இருந்தால் என்ன? புட்டரைக் கேட்டு மட்டும் மெசேஜ் போடாதே. தர மாட்டேன்.