எதை ஒப்பிடாமல் விட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் தானியங்கி மென்பொருள் சோதனை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வரவேண்டிய விடையையும் வந்த விடையையும் கணினியே ஒப்பிட்டுச் சொல்லிவிடும், ஆளுக்கு வேலை குறைவு என்று எழுதியிருந்தார்கள். ஒப்பிடுவது கணினிதான், சரி. எதையெல்லாம் ஒப்பிட வேண்டாம் என்று அதற்குச் சொல்வது யார்? எங்கள் தொழிலில் பாதிச் சண்டை அங்கேதான் நடக்கிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் கோவையில் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்பு ஒரு மோட்டார் பம்ப் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஆகவே பில்லையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

மென்பொருளுக்குள் ஒரு பில் என்பது பல விவரங்களின் கட்டு: பில் எண், தேதி, வாங்குபவர், பொருட்கள், வரி, மொத்தம். இவற்றோடு கடைக்காரர் கண்ணில் படாத சில விவரங்களும் இருக்கும். டேட்டாபேஸ் தானாகக் கொடுக்கும் ஐடி, பதிவு உருவான நேரம் இப்படி. இந்த இரண்டும் டெஸ்ட், அதாவது விடைகளை ஒப்பிடும் சோதனை நிரல், ஓடும் ஒவ்வொரு முறையும் மாறும். எல்லாவற்றையும் அப்படியே ஒப்பிட்டால் மென்பொருளில் ஒரு குறையும் இல்லாமலே டெஸ்ட் சிவப்பாகும் (சிவப்பு என்றால் தோல்வி, பச்சை என்றால் தேர்ச்சி). காரணமில்லாமல் சிவப்பாகும் டெஸ்ட்டைக் கொஞ்ச நாளில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அதனால்தான் நிரல் எழுத உதவும் ஜாவாவில் அசெர்ட்ஜே, டாட்நெட்டில் ஃப்ளூயன்ட் அசெர்ஷன்ஸ் போன்ற சோதனைக் கருவிகள் 'இந்த விவரங்களை விட்டுவிட்டு மற்றதை ஒப்பிடு' என்று சொல்ல வழி வைத்திருக்கின்றன. பைத்தானில் எதோடு ஒப்பிட்டாலும் சமம் என்று தலையாட்டும் 'எனி' என்ற ஒன்றே இருக்கிறது. இதிலெல்லாம் தப்பில்லை. நானும் தினமும் பயன்படுத்துகிறேன்.

வம்பு அதற்கு அப்புறம்தான் ஆரம்பம். ரிலீஸுக்கு முந்தைய நாள் மாலை ஒரு டெஸ்ட் சிவப்பாக நிற்கும். காரணம் தேட நேரம் இருக்காது. ஒத்துப்போகாத விவரத்தின் பெயரையும் 'ஒப்பிட வேண்டாம்' என்ற விலக்குப் பட்டியலில் சேர்த்தால் பச்சை ஆகிவிடும். வரவும் பற்றும் ஒத்துப்போகாமல் டிரையல் பேலன்ஸ் இடிக்கும்போது வித்தியாசத்தைத் தூக்கித் தற்காலிகமாக சஸ்பென்ஸ் கணக்கில் போடுவோமே, அதே வேலை. கணக்கிலாவது ஆடிட்டர் வந்து சஸ்பென்ஸ் கணக்கைப் பிரித்துக் கேட்பார். இங்கே கேட்க ஆளில்லை.

நான் பார்த்த ஒரு மென்பொருளில் பெயரில் 'தேதி' என்று வரும் எல்லா விவரங்களையும் ஒரே வரியில் விலக்கியிருந்தார்கள். பெயர் வடிவத்தை வைத்து மொத்தமாக விலக்க அசெர்ட்ஜேயில் வசதி உண்டு. அவர்கள் விலக்க நினைத்தது பதிவு உருவான தேதியை. அதோடு பில் தேதியும் போய்விட்டது. சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆகவே நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை போடும் பில்களுக்கெல்லாம் முந்தைய நாள் தேதி விழுந்துகொண்டிருந்தது. டெஸ்ட்கள் அத்தனையும் பச்சை.

ஒரு நாள்தானே என்று தோன்றும். காந்திபுரத்தில் இரவெல்லாம் திறந்திருக்கும் ஒரு மருந்துக்கடையை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் 1 அதிகாலை ஒரு மணிக்குப் போடும் பில், யூடிசியில் மார்ச் 31 இரவு ஏழரை. பில்லில் மார்ச் 31 என்று அச்சாகிறது. மாதம் மாறிவிட்டது, நிதியாண்டே மாறிவிட்டது. அந்த விற்பனை மார்ச் மாத ஜிஎஸ்டி படிவத்தில் போய் உட்காரும். கடைக்காரரின் கையிருப்புக் கணக்கு ஒன்று சொல்லும், படிவம் வேறொன்று சொல்லும். கணக்குப்பிள்ளையாக இருந்தவளுக்கு அந்த ஒரு நாளின் விலை தெரியும்.

இத்தனைக்கும் தேதியை விலக்கவே தேவையில்லை. மென்பொருள் கடிகாரத்தை நேரடியாகப் பார்க்காமல், நாம் கொடுக்கும் கடிகாரத்தைப் பார்க்கும்படி எழுதிவிட்டால் போதும். டெஸ்ட்டில் அதை ஏப்ரல் 1 அதிகாலை ஒரு மணியில் நிறுத்திவைத்துவிட்டுத் தேதியைத் தாராளமாக ஒப்பிடலாம். 2014இல் வந்த ஜாவா 8 முதலே இதற்கு வசதி இருக்கிறது. 2023இல் வந்த டாட்நெட் 8இலும் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பழைய நிரலைக் கொஞ்சம் திருத்த வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்கு அலுத்துக்கொண்டுதான் விலக்குப் பட்டியல் நீளுகிறது.

பில் எண்ணும் இப்படித்தான். ஒவ்வொரு முறையும் மாறுகிறது, விடு என்பார் டெவலப்பர். ஜிஎஸ்டி விதி 46 அந்த எண்ணைப் பற்றி என்ன சொல்கிறது? தொடர் வரிசையில் இருக்க வேண்டும், அந்த நிதியாண்டுக்குள் மறுபடி வரக்கூடாது, 16 எழுத்துக்கு மிகக்கூடாது. கடைப் பெயர், கிளைப் பெயர், ஆண்டு என்று முன்னால் ஒட்டிக்கொண்டே போனால் 16 எப்போது தாண்டும் என்று சொல்ல முடியாது. மதிப்பை ஒப்பிட முடியாவிட்டால் போகட்டும். நீளம் சரியா, முந்தைய பில்லுக்கு அடுத்த எண்தானா என்று தனியாக இரண்டு வரி எழுதலாம் அல்லவா?

இன்னொரு வகை, பார்க்க அப்பாவியாக இருக்கும். வாங்குபவர் என்ற கட்டுக்குள் ஒரு ஐடி இருக்கிறது. அந்த ஐடியை மட்டும் விலக்காமல் வாங்குபவரையே மொத்தமாக விலக்கிவிடுவார்கள். அதற்குள் இருக்கும் மாநிலமும் சேர்ந்து போகும். 18 சதவீத வரி உள்ள 10,000 ரூபாய்ப் பொருளைக் கோவைக் கடைக்காரர் பொள்ளாச்சிக்கு விற்றால் மத்திய வரி 900, மாநில வரி 900. கேரளத்தில் இருக்கும் பாலக்காட்டுக்கு விற்றால் 1,800 ரூபாயும் ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி. இரண்டிலும் மொத்தம் 11,800தான். வாங்குபவரையும் விட்டு, வரிப் பிரிவையும் விட்டு, மொத்தத்தை மட்டும் பார்க்கும் டெஸ்ட்டுக்குப் பொள்ளாச்சியும் பாலக்காடும் ஒன்று.

'அப்படியானால் விலக்கவே வேண்டாம், தேவையான விவரங்களை மட்டும் பெயர் சொல்லி ஒப்பிடுவோம்' என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாளைக்கே பில்லில் புதிதாக செஸ் என்று ஒரு கூடுதல் வரி சேர்கிறது என்று வையுங்கள். விலக்குப் பட்டியல் இருக்கும் டெஸ்ட் உடனே சிவப்பாகி 'இது என்ன புதுசு?' என்று கேட்கும். பெயர் சொல்லி ஒப்பிடும் டெஸ்ட்டுக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. நான் எப்போதும் விலக்குப் பட்டியல் கட்சி. ஆனால் அது குட்டையாக இருக்க வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

கருவியே சொல்லாமல் விட்டுவிடும் சங்கதிகளும் உண்டு. ஜாவாஸ்கிரிப்டில் ஜெஸ்ட் என்ற சோதனைக் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள் வழக்கமாக எழுதும் 'டுஈக்வல்' என்ற ஒப்பீட்டுக் கட்டளை, மதிப்பு 'அன்டிஃபைன்ட்' (மதிப்பே தரப்படாதது) என்று இருக்கும் விவரத்தைக் கணக்கில் எடுக்காது. அதையும் பார்க்க வேண்டுமானால் 'டுஸ்ட்ரிக்ட்ஈக்வல்' என்று எழுத வேண்டும். பயிற்சி மையங்களில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளில் பலருக்கு முதலாவது மட்டும்தான் தெரிகிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருந்தீர்கள். அதில் ஒரு டெஸ்ட்டையும் அதன் விலக்குப் பட்டியலையும் அப்படியே அச்சிடுங்கள். மென்பொருள் வாங்கும் வியாபாரிகளுக்கும் ஒன்று சொல்லுங்கள்: விற்க வருகிறவரிடம் எத்தனை டெஸ்ட் இருக்கிறது என்று கேட்பதோடு, எந்தெந்த விவரங்களை ஒப்பிடாமல் விட்டிருக்கிறீர்கள் என்றும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். அந்தத் தாளைத் தங்கள் ஆடிட்டரிடம் காட்டட்டும். ஜாவா தெரியாவிட்டாலும், 'பில் தேதி' என்ற வரியைப் பார்த்ததும் அவர் பேனாவை எடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
ச. வளர்மதி,
பீளமேடு, கோயம்புத்தூர்.