கிலோமீட்டரோடு ஏற்றத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்டுப் பள்ளத்தாக்கு ஓட்டப் பாதைகள் பற்றிப் போன வாரம் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டிரெயில் ரன்னிங்குக்கு, அதாவது காட்டிலும் மலையிலும் மண்பாதையில் ஓடும் ஓட்டத்துக்கு, முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி, படங்களும் அருமை. ஆனால் கடைசியில் இருந்த பட்டியலைப் பார்த்ததும் மனசு பதறியது. பாதையின் பெயர், எத்தனை கிலோமீட்டர், பக்கத்தில் எளிது அல்லது கடினம் என்று ஒரு சொல், அவ்வளவுதான். மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்று ஒரு பாதைக்குக்கூட இல்லை. மலையில் ஓடப் போகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியதே அதுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். சில ஆண்டுகளுக்கு முன் இதே மாதிரி ஒரு பட்டியலை நம்பி, 14 கி.மீ. சுற்றுப்பாதை ஒன்றில் மதியம் ஒன்றரை மணிக்குத் தனியாகக் கிளம்பினேன். தார்ச்சாலையில் அந்தத் தூரத்துக்கு எனக்கு ஒன்றரை மணி நேரம், மலை என்பதால் இன்னொரு மணி நேரம் சேர்த்துக்கொண்டால் நான்கு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பாதையின் மொத்த ஏற்றம் 1,100 மீட்டர் என்பது வீட்டுக்கு வந்து வரைபடத்தை விரித்து, ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளை விரலால் ஒவ்வொன்றாக எண்ணிய பிறகுதான் தெரிந்தது.

மூன்றரை மணிக்கே சூரியன் மேற்கு முகட்டுக்குப் பின்னால் போய்விட்டது. நாட்காட்டியில் சூரிய மறைவு ஆறு மணி என்றுதான் இருக்கும், ஆனால் அது திறந்த வெளிக்கான கணக்கு, வடக்குத் தெற்காக ஓடும் ஒடுங்கிய பள்ளத்தாக்கில் வெயில் காலையில் தாமதமாக வந்து மாலையில் சீக்கிரமே போய்விடும், அதற்கு மேல் மரங்களின் நிழல் வேறு. ஐந்து மணிக்கு எது வேர், எது நிழல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஈர வேரின் மேல் கால் வைத்தால் எந்த ஷூவும் வழுக்கும், தாண்டித்தான் போக வேண்டும், தாண்டுவதற்கு முதலில் அது கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. கையில் இருந்தது செல்போன் டார்ச் மட்டும். சிக்னலும் இல்லை.

அப்புறம் அந்த ஓடை. பாதை தொடங்கிய அரை கிலோமீட்டரில் வரும், போகும்போதும் வரும்போதும் அதே இடத்தில்தான் கடக்க வேண்டும். போகும்போது மூன்று கற்கள் தண்ணீருக்கு மேலே துருத்திக்கொண்டு இருந்தன, நடுக்கல் தட்டையாக, ஓரத்தில் பாசி பிடித்து இருந்ததுகூட நினைவிருக்கிறது, இரண்டே எட்டில் அக்கரைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அந்த மூன்று கற்களையும் காணவில்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது. நான் ஓடிய பக்கம் ஒரு துளி மழை இல்லை, மேலே எங்கேயோ கொட்டித் தீர்த்திருக்கிறது. கரையில் நாற்பது நிமிடம் நின்றேன். பள்ளத்தாக்கில் பொழுது சாய்ந்தால் சரிவுகளில் இருக்கும் குளிர்ந்த காற்று கனத்தால் கீழே இறங்கி அடியில் வந்து தேங்கும், நான் நின்றது சரியாக அந்த அடியில். வியர்வையில் நனைந்த சட்டையோடு பற்கள் கிடுகிடுத்தன. நடுக்கல்லின் முதுகு மறுபடியும் தெரிந்த பிறகுதான் தண்ணீரில் கால் வைத்தேன்.

அன்று எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் எண்தான். 1892-ல் வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் ஒரு கணக்குச் சொன்னார்: நடப்பவருக்கு 3 மைலுக்கு (சுமார் 5 கி.மீ.) ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 2,000 அடி (சுமார் 600 மீட்டர்) ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். என் பாதைக்கு அதைப் போட்டால் கிட்டத்தட்ட நாலே முக்கால் மணி நேரம் வருகிறது. ஓட்டமும் நடையுமாக எனக்கு ஓடைக்கரை வரை 4 மணி நேரம் ஆனது. நூறு வருடத்துக்கு முந்தைய கணக்கு கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிட்டது, நான் எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்துக்கொண்ட ஒரு மணி நேரம்தான் தப்பு.

ஓட்டக்காரர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. சர்வதேச டிரெயில் ரன்னிங் சங்கம், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராக எடுத்துத் தூரத்தோடு கூட்டச் சொல்கிறது. என் பாதைக்குத் தூரம் 14, 1,100 மீட்டர் ஏற்றத்துக்கு 11, ஆக மொத்தம் 25. பட்டியலில் 25 என்று பார்த்திருந்தால் அந்த மதிய நேரத்தில் நான் கிளம்பியே இருக்க மாட்டேன். ஐரோப்பாவின் ஆல்ப்ஸில் உள்ள மோன் பிளான் மலையைச் சுற்றி 2003 முதல் நடக்கும் புகழ்பெற்ற ஓட்டப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், தூரம் சுமார் 170 கி.மீ., ஏற்றம் சுமார் 10,000 மீட்டர், முதலில் வருகிறவருக்கே 20 மணி நேரம் போல ஆகிறது. தூரத்தை மட்டும் சொன்னால் இது யாருக்குப் புரியும்?

ஏற்றம் என்று சொல்லும்போது இறக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் ஏற்றத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடல் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டும், அதனால்தான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் படி இறங்க முடியாமல் வலிக்கிறது. கடைசி மூன்று கிலோமீட்டர் செங்குத்தான இறக்கம் என்று ஒரு வரி இருந்தால், மேலேயே காலை வீணாக்காமல் மிச்சம் வைத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, பாதியில் வெளியேற வழி இருக்கிறதா, எந்த இடம் வரை வண்டி வரும் என்பது. 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கி.மீ. மலை ஓட்டத்தில் 172 பேர் ஓடினார்கள், 21 பேர் இறந்துபோனார்கள். லியாங் ஜிங் மாதிரி அந்த நாட்டின் முன்னணி ஓட்டக்காரரே அதில் ஒருவர். திடீரென்று ஆலங்கட்டி மழையும் பேய்க்காற்றும் அடித்து உடல் சூடு இறங்கிப் போனது, அவர்கள் மாட்டிக்கொண்டது வண்டி ஏற முடியாத செங்குத்தான பகுதியில். காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயமாகக் கொண்டுபோக வேண்டிய பொருளாகவும் இல்லை. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஆறு பேரைத் தன் குகைக்குள் கொண்டுபோய் நெருப்பு மூட்டிக் காப்பாற்றினார். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ஜாக்கெட்டும் தலையில் மாட்டும் டார்ச்சும் ஒரு விசிலும் இல்லாமல் நான் காட்டுக்குள் போவதில்லை. நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதினால் ஆபத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம், இதையும் ஒரு ஓரத்தில் போடலாம்.

ஒரு படம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாதை வளைந்து வளைந்து ஏறும் இடத்தில் ஒருவர் வளைவுகளைக் குறுக்கே வெட்டி நேராக இறங்கி ஓடுவதைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். பார்க்க அழகுதான், ஆனால் தயவுசெய்து அந்த மாதிரிப் படம் வேண்டாம். அப்படிப் பத்து பேர் இறங்கினால் செடி போய்விடும், அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மண்ணை அரிக்கும், கொஞ்ச நாளில் வளைவே இடிந்து பாதையே காணாமல் போகும். நான் ஓடும் காட்டில் இரண்டு இடத்தில் இப்படி நடந்திருக்கிறது.

அடுத்த பட்டியல் போடும்போது கிலோமீட்டருக்குப் பக்கத்திலேயே மொத்த ஏற்றத்தை மீட்டரில் போடுங்கள். எத்தனை ஓடை, அதில் பாலம் எதற்கு உண்டு, எந்த நேரத்துக்கு மேல் கிளம்பக் கூடாது, இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு வரிதான் கூடும். ஏற்றத்தை ஒரே ஒருவரின் கைக்கடிகாரத்திலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம், அடர்ந்த மரங்களுக்கு அடியிலும் ஒடுங்கிய பள்ளத்தாக்கிலும் ஜிபிஎஸ் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பி வந்து தடுமாறும், வரைபடத்தோடு ஒத்துப் பாருங்கள். போன வாரம் வந்த பாதைகளில் நான்கை நான் பல முறை ஓடியிருக்கிறேன், அந்த நான்குக்கும் இந்த விவரங்களை எழுதி இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். மழைக்காலம் தொடங்குவதற்கு முன் அதை மட்டுமாவது வெளியிட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்