கையெழுத்துக்கு முன்னால் காட்டுங்கள்

பினாங்கிலிருந்து மக்களவைக்குப் போயிருக்கும் 13 உறுப்பினர்களுக்கும் வணக்கம். வெளிநாடுகளோடு போடும் உடன்பாடுகளைக் கையெழுத்துக்கு முன்னால் எங்களுக்குக் காட்டுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

'வெள்ளைக்காரன் காலம் முடிஞ்சுபோச்சு' என்ற பேச்சு இப்போது எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் காதில் விழுகிறது. 2025 ஜனவரியில் மலேசியா, சீனா, ரஷ்யா, இந்தியா போன்ற நாடுகள் சேர்ந்த பிரிக்ஸ் அமைப்பின் பங்காளி நாடானதைச் சொல்கிறார்கள். அப்புறம் நம் இரண்டு பாலங்களைக் கைகாட்டுகிறார்கள். 1985இல் திறந்த முதல் பாலம் தென்கொரிய நிறுவனம் கட்டியது. 2014இல் திறந்த இரண்டாவது பாலத்துக்குக் கடன் கொடுத்தது சீன வங்கி, கட்டியதிலும் சீன நிறுவனத்துக்குப் பங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் தலையாட்டுவதுண்டு.

ஆனால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களை 2025இல் தூங்கவிடாமல் செய்தது வாஷிங்டன்தான். மலேசியப் பொருள்களுக்கு ஏப்ரலில் 24 விழுக்காடு வரி என்றார்கள், ஜூலையில் 25 என்றார்கள், ஆகஸ்டில் 19இல் வந்து நின்றார்கள். சிப்புகளுக்கு விலக்கு இருந்தது. அது எத்தனை நாளைக்கு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. 1972இல் அமெரிக்கச் சிப்பு நிறுவனமான இண்டெல் இங்கே வந்ததிலிருந்து வளர்ந்த தொழில் இது. தளர்ந்துவிட்டதாக நாம் சொல்லும் நாடு ஓர் எண்ணை மாற்றினால் இங்கே ஓவர்டைம் நின்றுபோகுமோ என்று பயப்படுகிறோம்.

அந்த ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி, ஆசியான் மாநாட்டுக்குக் கோலாலம்பூர் வந்த அதிபர் டிரம்பும் நம் பிரதமரும் வாணிப உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். முழு வாசகம் பொதுமக்கள் கைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அதன் 5.1 பிரிவை எத்தனை பேர் படித்தோம்? தன் பொருளாதார, தேசியப் பாதுகாப்புக்காக அமெரிக்கா மூன்றாவது நாடொன்றின் இறக்குமதிக்குத் தடையோ வரியோ விதித்து நமக்குத் தெரிவித்தால், நாமும் அதற்கு இணையான நடவடிக்கை எடுக்க வேண்டும், அல்லது அதை எப்போது எடுப்பது என்று இரு தரப்பும் ஏற்கும் கால அட்டவணைக்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்கிறது அது. இரு நாடுகளுக்கும் பொதுவான கவலைக்கு மட்டுமே இது பொருந்தும், நம் இறையாண்மைக்குப் பாதிப்பில்லை என்று அரசாங்கம் விளக்கியது. இருக்கலாம். அந்த விளக்கத்தைக் கையெழுத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் நாமே எடைபோட்டிருப்போமே.

வலியவன் கேட்கத்தான் செய்வான், அதில் எனக்கு வியப்பில்லை. நமக்குச் சொல்லாமலே முடிவெடுப்பதுதான் உறுத்துகிறது. பினாங்குக்கு அது பழைய அனுபவம். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு போட்டன. சில நாள்களில் ஐரோப்பியர்கள் சத்தமில்லாமல் கப்பலேறிப் போய்விட்டார்கள். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் இங்கேயே கிடந்தார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கிவிட்டு வெள்ளைக்கொடி ஏற்றும் வேலை கடைசியில் யார் தலையில் விழுந்தது? ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர், இலங்கைத் தமிழர் சரவணமுத்துவின் தலையில். ஆண்டவர்கள் போனதே, போன பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. அன்றைக்கு ஆண்டவர்கள் அந்நியர்கள், அவர்களிடம் கணக்குக் கேட்க நமக்கு ஓட்டு இல்லை. உங்களை நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறோம்.

பட்டர்வொர்த் விமானத் தளம் விஷயமும் இதுதான். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூருடன் 1971இல் நாம் செய்துகொண்ட ஐந்து நாட்டுப் பாதுகாப்பு ஏற்பாட்டின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. தாக்குதல் வந்தால் உடனே கலந்து பேசுவோம் என்பதே அதன் வாக்குறுதி. வந்து சண்டை போடுவோம் என்று அதில் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள், பலர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

மேற்கு இறங்கி கிழக்கு ஏறினாலும் இதே கேள்வி உண்டு. இரண்டாவது பாலத்துக்கு வாங்கிய கடனின் நிபந்தனைகளை என் ஒட்டுக்கடை நண்பர்கள் யாரும் கேட்டதில்லை. சீனாவோடு போடும் உடன்பாட்டையும் அமெரிக்காவோடு போடுவதைப் போலவே விரித்துக் காட்ட வேண்டும்.

அனைத்துலக உடன்பாட்டுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம் என்று நம் அரசியலமைப்பு சொல்லவில்லை. அமைச்சரவை முடிவே போதும். உள்நாட்டுச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தால் மட்டும் உங்களிடம் வருகிறது. ஆனாலும் முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்காவும் நாமும் உட்பட 12 பசிபிக் வட்டார நாடுகள் பேசிய டிபிபிஏ வாணிப உடன்பாட்டின் வாசகத்தை முன்கூட்டியே வெளியிட்டு, 2016 ஜனவரியில் சிறப்புக் கூட்டம் போட்டு விவாதித்து வாக்கெடுத்தார்கள். பிப்ரவரியில்தான் கையெழுத்து. அடுத்த ஆண்டே அமெரிக்கா அதிலிருந்து விலகியது வேறு கதை.

பேச்சுவார்த்தை நடக்கும்போது எல்லாவற்றையும் வெளியில் சொல்ல முடியாது, சரி. பேசி முடித்த பிறகு என்ன ரகசியம்? கையெழுத்துக்கு ஒரு மாதம் முன்பாவது வாசகத்தை மக்களவையில் வையுங்கள். அனைத்துலக உறவுகளைக் கவனிக்கும் சிறப்புத் தேர்வுக்குழு தொழிற்சங்கங்களையும் சிறு வணிகர்களையும் அழைத்துக் கேட்கட்டும். தமிழிலும் சீனத்திலும் சுருக்கம் போடுங்கள். இதையெல்லாம் சட்டமாக்கும் தனிநபர் மசோதாவை அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவர் கொண்டுவரலாம். எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, அவருடைய விளக்கக் கூட்டத்துக்கு நாற்காலி போட நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
பாயான் லெப்பாஸ் வாக்காளர் ஒருவர்